ராட் பிளாங்க்கின் மேற்பூச்சு: பளபளப்பு, மேட், பெயின்ட், தேய்க்காதது – எதை எடுக்கலாம்?

தூண்டில் ராட் சொந்தமாகக் கட்டுகிறவர்கள் பிளாங்க் (வளையங்களும் பிடியும் பொருத்தாத வெறும் கோல்) வாங்கும்போது நீளம், பவர், ஆக்‌ஷன், எத்தனை கிராம் லூர் (செயற்கை இரை) வீசும் என்று எல்லாவற்றையும் அலசுகிறார்கள். மேற்பூச்சு என்று வந்ததும் நிறம் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி. ஆனால் கைடு (தூண்டில் நூல் ஓடும் வளையம்) கட்டும் நூல், அதன் மேல் ஓடும் எபாக்ஸி, பிடிக்குப் போடும் பசை, டிகால் (ஒட்டும் எழுத்துப் படலம்) எல்லாமே உட்காருவது அந்தப் பூச்சின் மேல்தான். பூசிய பிளாங்க்கில் நாம் செய்யும் வேலை எதுவும் கார்பனைத் தொடுவதே இல்லை. ஒரே மாடல் நான்கு விதமான மேற்பரப்போடு கிடைத்தால், வீசுகிறவருக்கு அது கிட்டத்தட்ட ஒரே ராட். கட்டுகிறவருக்கு நான்கு தனித்தனிப் பொருள்கள். இந்த விமர்சனம் கட்டுகிறவருக்கானது.

முதலில் அந்த மேற்பரப்பு எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடலாம். எஃகு மாண்ட்ரல் (அச்சாக நிற்கும் கம்பி) மேல் ரெசின் (சூட்டில் இறுகும் பிசின்) ஊறிய கார்பன் துணியையோ கண்ணாடி இழைத் துணியையோ சுற்றுவார்கள். அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் டேப்பை இழுத்துப் பிடித்து, ஒரு சுற்றின் விளிம்பு அடுத்த சுற்றின் மேல் ஏறும்படி நெருக்கமாகச் சுற்றி அடுப்பில் வைப்பார்கள். சூட்டில் டேப் சுருங்கும். அடுக்குகளுக்கு நடுவே மாட்டிய காற்றையும் மிஞ்சிய ரெசினையும் பிதுக்கி வெளியே தள்ளும். வெந்து ஆறியதும் மாண்ட்ரலை உருவி, டேப்பை உரித்தால் கோல் நெடுக சுருள் வரிகள் தெரியும். டேப் விளிம்பு ஏறிய இடமெல்லாம் ஒரு சின்ன ரெசின் மேடு. இந்த வரிகளை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் எல்லாப் பூச்சு வகைகளும் பிரிகின்றன. அப்படியே விட்டால் தேய்க்காத பிளாங்க். மெஷினில் தேய்த்து அப்படியே விட்டால் வெற்று மேட், அதாவது மினுக்கமில்லாதது. தேய்த்துத் தெளிபூச்சு கொடுத்தால் பளபளப்பு அல்லது பூசிய மேட். நிறமி கலந்து பூசினால் பெயின்ட்.

தேய்க்காத பிளாங்க்

அமெரிக்காவின் ஸ்காட் நிறுவனத்தின் ஃப்ளை ராடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தோற்றம் பழக்கமானது. தேய்க்காமல் விடுவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. கோல் வளையும்போது அதிகமாக இழுபடுவதும் அழுத்தப்படுவதும் வெளிப்புற இழைகள்தான். தேய்க்கும் கல் ரெசின் மேட்டோடு நிற்காமல் இழைக்குள் இறங்கிவிட்டால், கோலின் வேலையில் பெரும்பங்கு செய்யும் அடுக்கே அறுபடுகிறது. சுவர் 0.5 மி.மீ. இருக்கும் இடத்தில் 0.025 மி.மீ. இழை போனாலே சுவரில் 5 சதவீதம் காலி. விறைப்பு அதைவிடச் சற்று அதிகமாகவே குறையும், ஏனென்றால் போனது நடுக்கோட்டிலிருந்து மிகத் தள்ளி இருந்த இழை. நல்ல தொழிற்சாலைகள் ரெசினோடு நிறுத்திக்கொள்கின்றன. தேய்க்காத பிளாங்க்கில் அந்தக் கேள்வியே எழாது. வெளிப்பூச்சின் எடையும் கிடையாது.

விலை கொடுப்பது நூல் கட்டும்போதுதான். டேப் வரிகள் ஒன்றுக்கொன்று சில மில்லிமீட்டர் இடைவெளியில் ஓடும். 'ஏ' சைஸ் நூல் அதைவிடப் பல மடங்கு மெல்லியது. ஆகவே பல சுற்றுகள் சமதளத்தில் படுத்து, பிறகு ஒரு சுற்று மேட்டில் ஏறி, அடுத்த சுற்று மறுபக்கம் சரிந்து விழும். ஏறிய இடத்தில் நூல்களுக்கு நடுவே மயிரிழை இடைவெளி பிரியும். கட்டி முடித்ததும் வழவழப்பான எலும்புத் துண்டு அல்லது பேனா மூடியின் வளைந்த விளிம்பால் நூலை மேடு இருக்கும் திசையில் அழுத்தித் தேய்த்து நெருக்கிவிட வேண்டும். வேகமாகக் கட்டி எபாக்ஸி பூசிவிட்டால் அந்த இடைவெளி கண்ணாடிக்குள் மாட்டியதுபோல நிரந்தரமாகத் தெரியும்.

இன்னொன்று காற்று. மேட்டை ஒட்டிய பள்ளத்தில், நூலுக்கு அடியில், ஒரு சின்னக் காற்றுப் பை மாட்டிக்கொள்ளும். மேலே கெட்டியான எபாக்ஸி போட்டால் அது வெளியேற வழியில்லாமல் சிறு சிறு குமிழ்களாக, சுருள் வரியின் பாதையிலேயே வரிசையாக நிற்கும். குமிழ் எங்கும் சிதறாமல் சாய்ந்த கோட்டில் அணிவகுத்து நின்றால் கலவையைக் குறை சொல்ல வேண்டாம். காரணம் டேப் வரிதான். முதல் கோட் நூல் நனையும் அளவுக்கு மட்டும், மெல்லிய வகை எபாக்ஸியில் கொடுங்கள். கோலை நிறுத்தி நிறுத்திச் சுழற்றி ஊற விடுங்கள். பத்து நிமிடம் கழித்து மிஞ்சியதை வழித்து எடுத்துவிட்டு, இரண்டாவது கோட்டில் தடிமன் கூட்டுங்கள்.

மூன்றாவது தொல்லை விளிம்பு. எபாக்ஸி நூலின் ஓரத்தோடு நிற்காமல் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கோலின் மேல் ஊர்ந்துவிடும். தேய்த்த பிளாங்க்கில் நேர்கோடாக நிற்கும் விளிம்பு இங்கே ஒரு பக்கம் நாக்கு நீட்டியதுபோல் முடியும். ஓரத்தில் தூரிகையை மிகக் குறைந்த கலவையோடு வைத்து, கோலைச் சுழற்றியபடி நூலுக்கு வெளியே ஒரு மி.மீ.க்குள் நிறுத்த வேண்டும். கலவை அதிகமாக இருந்தால் என்ன கைத்திறன் இருந்தாலும் அது ஊரத்தான் செய்யும்.

கைடு இடம் குறிக்க மெழுகுப் பென்சில் வேண்டாம். பள்ளத்தில் மெழுகு தங்கி, துடைத்தாலும் முழுதாகப் போகாது. அங்கே எபாக்ஸி விலகி நிற்கும். சிறு மாஸ்கிங் டேப் துண்டு போதும்.

முதல் ராட் கட்டுகிறவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நூலில் கை பழகியவருக்கு, எடை குறைந்த ராட் வேண்டுமென்றால், இதைவிட நேர்மையான மேற்பரப்பு கிடையாது. என்ன செய்யப்பட்டிருக்கிறது என்று முழுதாகக் கண்ணுக்குத் தெரியும்.

தேய்த்து, பூசாமல் விட்டது

கருஞ்சாம்பல் நிறம், உற்றுப் பார்த்தால் கோலைச் சுற்றி நுண்ணிய தேய்ப்புக் கீறல்கள். பசைக்கும் எபாக்ஸிக்கும் இதைவிட நல்ல பிடிமானம் வேறெதிலும் இல்லை. நூல் நேராக உட்காரும். பிடிக்கும் ரீல் சீட்டுக்கும் (ரீலைப் பொருத்தும் பகுதி) முன்தயாரிப்பு என்று பார்த்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான்.

பலவீனம் கறை. பசை ஒரு சொட்டு விழுந்து உலர்ந்தால் அந்த இடம் மட்டும் ஈரம் பட்டதுபோல் கறுத்துப் பளபளக்கும். சுரண்டினால் சுற்றியுள்ள மேட் தோற்றம் மாறும், விட்டாலும் தெரியும். ஆகவே பிடி ஒட்டும் முன் அதன் மேல்விளிம்பிலிருந்து 10 செ.மீ. தூரம் மாஸ்கிங் டேப் சுற்றிவிடுங்கள். பசை ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரித்து, ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். கை எண்ணெய், சன்ஸ்க்ரீன் இரண்டும் இதில் அழுக்குத் தடமாகத் தங்கும். வெயிலில் ரெசின் மெல்ல வெளுத்து மாவு படிந்ததுபோல் ஆவதும் பூச்சு இல்லாத பிளாங்க்கில்தான் சீக்கிரம் தெரியும். படகின் ராட் ஹோல்டரில் நாள் முழுக்க வெயிலில் நிற்கப்போகிற ராடுக்கு இது சரிப்படாது.

பளபளப்பான தெளிபூச்சு

கடையில் கண்ணைப் பறிப்பது இதுதான். எபாக்ஸியிலும் செய்வார்கள், யூரித்தேனிலும் செய்வார்கள். புறஊதா ஒளியில் உறையும் வகையும் உண்டு. எதால் செய்தது என்பதைவிட எப்படிப் பூசியது என்பது முக்கியம். கோலை ரப்பர் வளையம் வழியாக இழுத்துப் பூசினால் பூச்சு மெல்லியதாக, சீராக இருக்கும். முக்கி எடுத்துத் தொங்கவிட்டால் கலவை கீழ்நோக்கி வடிந்து ஒரு முனையில் தடித்துவிடும். அது நுனிப் பக்கமாக இருந்துவிட்டால் கெட்டது.

எவ்வளவு கெட்டது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 7 அடி கோல், 213 செ.மீ.; சராசரி விட்டம் 7 மி.மீ. என்றால் மேற்பரப்பு சுமார் 470 சதுர செ.மீ. அதில் 50 மைக்ரான் (0.05 மி.மீ.) பூச்சு ஏறினால் சுமார் 2.3 கன செ.மீ.; எடை 2.7 கிராம் அளவு. மொத்தத்தில் சின்னத் தொகைதான். ஆனால் இதில் மேல்பாதியின் பங்கைப் பாருங்கள்: 106 செ.மீ., சராசரி 4 மி.மீ. விட்டம், 133 சதுர செ.மீ., அதாவது முக்கால் கிராம். சின்ன மைக்ரோ கைடு ஒன்றின் எடை 0.1 கிராம் அளவில்தான் வரும். கைடுகளில் எடை குறைக்கப் பணம் செலவழித்துவிட்டு, ஏழெட்டு கைடின் எடையைப் பூச்சாக அதே நுனியில் ஏற்றுகிறோம். அந்த எடை விறைப்பு எதையும் தருவதில்லை. வீசியபின் நுனி ஆடி அடங்கும் நேரத்தைத்தான் கூட்டுகிறது. கனமான ஜிக்கிங் ராடிலோ கரையிலிருந்து வீசும் சர்ஃப் ராடிலோ யாருக்கும் தெரியாது. மெல்லிய நுனியுள்ள லைட் ராடில் தெரியும்.

டிப் டாப் (நுனியில் செருகும் கடைசிக் கைடு) அளவிலும் இது கைவைக்கும். குழாய் அளவு ஒரு எண்ணுக்கு ஓர் அங்குலத்தில் 64ல் ஒரு பங்கு, அதாவது 0.4 மி.மீ. இருபுறமும் 50 மைக்ரான் ஏறினால் விட்டம் 0.1 மி.மீ. கூடும், ஓர் எண்ணில் கால்பங்கு. பட்டியலில் போட்ட நுனி அளவை நம்பி டிப் டாப் வாங்கியவருக்கு உள்ளே ஏறாமல் முரண்டு பிடிப்பது பெரும்பாலும் இதனால்தான். காலிப்பரால் அளந்து வாங்குவது நல்லது. ஏறவில்லையே என்று கோலைத் தேய்க்க ஆரம்பித்தால், மிக மெல்லிய இடத்தில் கார்பனைத் தேய்க்கும் அபாயம்.

அடுத்தது பிடிமானம். பளபளப்பின் மேல் பசை ஒட்டாது என்று சொல்ல முடியாது, ஒட்டும். ஆனால் ரீல் சீட்டைக் கோலோடு பிணைப்பது பசை மட்டும் இல்லை, நடுவில் இருக்கும் பூச்சும் சேர்ந்துதான். பூச்சு கார்பனோடு சரியாக ஒட்டியிராவிட்டால், எவ்வளவு நல்ல பசையாக இருந்தாலும் சீட் பூச்சோடு சேர்ந்து கழன்று சுழலும். அதனால் அடிப்பகுதியில், பிடிக்குள் மறையும் இடத்தில், பலமான டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். செதில் வந்தால் அந்தப் பகுதி முழுக்கப் பூச்சை எடுத்துவிட வேண்டும். வராவிட்டால் 220 அல்லது 320 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை மட்டும் சொரசொரப்பாக்கினால் போதும். தூளின் நிறத்தில் கண் இருக்கட்டும். வெள்ளைத் தூள் வந்தால் பூச்சு. கறுப்பாக மாறியதும் நிறுத்துங்கள், அது கார்பன். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் போட்டுக்கொண்டு, தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது உத்தமம்.

நூலுக்கு மேல் எபாக்ஸி போடும்போது இந்த வகையில் அடிக்கடி வருவது மீன்கண்: கலவை ஓரிடத்தில் வட்டமாக விலகி, நடுவில் கோல் வெறுமையாகத் தெரியும். சிலிக்கோன் கலந்த பாலிஷோ கைக்கு தடவிய க்ரீமோ பட்ட இடத்தில் இப்படி ஆகும். கட்டத் தொடங்கும் முன்னும், நூல் கட்டி முடித்தபின் இருபுறம் வெறும் கோலிலும், ஆல்கஹாலால் துடைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஈரத்தில் மீன்கண் வந்துவிட்டால் மேலும் கலவை ஊற்றுவதில் பலனில்லை. முழுதாகத் துடைத்து எடுத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

பளபளப்பின் உண்மையான நன்மை உழைப்பு. உப்புத் தண்ணீரை ஒரு துடைப்பில் எடுக்கலாம், மெல்லிய கீறலைப் பாலிஷ் போட்டு மறைக்கலாம், எபாக்ஸி சிந்தினாலும் சுற்றியுள்ள பளபளப்போடு கலந்துவிடும். முதல் ராட் கட்டுகிறவரின் பிழைகளை மன்னிக்கும் பூச்சு இது.

பூசிய மேட்

இப்போது பலரும் விரும்புவது. தெளிபூச்சில் ஒளியைச் சிதறடிக்கும் நுண்பொடி கலந்திருக்கும். தெளிந்த தண்ணீரில் கோல் மின்னாமல் இருக்கும் என்பது உண்மையான பயன். எடையில் பளபளப்புக்கு நிகர்தான்; மேட் என்றால் பூச்சில்லை என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். பூசிய மேட் வகையில் கோல் மேல் தேய்ப்புக் கீறல் தெரியாது, தொட்டால் சற்றே ரப்பர் போன்ற வழவழப்பு இருக்கும். வெற்று மேட் வகையில் கீறல் தெரியும்.

கட்டுகிறவருக்கு இதில் இரண்டு சங்கடங்கள். எபாக்ஸி பட்ட இடம் பளபளப்பாகிவிடும் என்பதால் ஒவ்வொரு கட்டின் ஓரமும் கூர்மையாகத் தெரியும். கை ஆடினால் மறைக்க வழியில்லை. எபாக்ஸி தாண்டி வழிந்த இடத்தைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் மேட் மெருகேறி, அங்கே ஒரு பளபளப்புத் திட்டு நிற்கும். இரண்டாவது டிகால். தண்ணீரில் நனைத்து ஒட்டும் டிகாலை நேரடியாக மேட் மேல் வைத்தால், நுண்மேடு பள்ளங்களில் காற்று சிக்கி, படலம் வெள்ளி நிறத்தில் பளிச்சிடும். முதலில் அந்த இடத்தில் மெல்லிய எபாக்ஸி கோட் ஒன்று கொடுத்து உறைய விடுங்கள். அதன் வழவழப்பில் டிகாலை வைத்து, நன்றாக உலர்ந்தபின் மேல் கோட். மூன்று நாள் வேலையாகிறது, ஆனால் வேறு வழியில் சுத்தமாக வராது.

பெயின்ட்

அமெரிக்காவின் வின்ஸ்டன் ஃப்ளை ராடுகளின் பச்சை போல, நிறமே ஒரு நிறுவனத்தின் அடையாளமாகிவிடுவதும் உண்டு. கட்டுகிறவர் கவனிக்க வேண்டியது நூலின் நிறம். சாதாரண நைலான் நூல் எபாக்ஸியில் நனைந்ததும் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும். கறுப்புக் கோலில் சிவப்பு நூல் கருஞ்சிவப்பாகி, கிட்டத்தட்டக் காணாமல் போகும்; வெள்ளை பெயின்ட் மேல் அதே நூல் ஒளிரும். இந்த மாற்றம் வேண்டாமென்றால் கலர் ப்ரிசர்வர் (நூலின் நிறத்தைக் காக்கும் பூச்சு) போட்ட பிறகு எபாக்ஸி, அல்லது நனைந்தாலும் நிறம் மாறாத நூல். வெள்ளை மேல் எபாக்ஸி பழுப்பேறுவதும் சீக்கிரம் கண்ணில் படும். புறஊதா தாங்கும் வகை எபாக்ஸியே எடுங்கள்.

அசிட்டோன் அருகில் வரக்கூடாது. பெயின்ட் இளகி நிறம் துணியில் வரும். ஆல்கஹாலையும் அடிப்பகுதியில் சோதித்துப் பார்த்துவிட்டே மேலே போங்கள்.

எனக்கு இதில் ஒரு தீர்மானமான மறுப்பு உண்டு: பெயின்ட் மறைக்கிறது. தேய்ப்பு ஆழமாகிப் போன இடம், ரெசின் குறைந்த திட்டு, போக்குவரத்தில் பட்ட அடி எல்லாம் அடியில் இருக்கலாம். கண்ணாடி இழை பிளாங்க்கில் நிறம் ரெசினிலேயே கலந்திருந்தால் அது வேறு விஷயம். அடிபட்டாலும் நிறம் உரியாது, ஒளியில் பிடித்தால் உள்ளே பார்க்கவும் முடியும். நிறம் வேண்டுமென்றால் நான் அந்தப் பக்கம்தான் போவேன்.

வந்ததும் சோதிக்க வேண்டியவை

நூல் சுற்றிய பிறகு திருப்பி அனுப்ப முடியாது. ஒரு துண்டுப் பஞ்சைக் கோலைச் சுற்றிப் பிடித்து அடியிலிருந்து நுனிவரை இழுங்கள். நூல் நூலாகப் பஞ்சு மாட்டும் இடத்தில் அறுபட்ட இழை நீட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு விளக்கைப் பக்கவாட்டில் வைத்துக் கோலைச் சுழற்றினால் பூச்சு வடிந்த இடம் ஒளிக்கோடு நெளிவதில் தெரிந்துவிடும். மெதுவாக வளைத்துப் பார்க்கும்போது கோலைச் சுற்றி வெண்ணிற வளையம் தோன்றினால், அது பூச்சில் மட்டுமா, உள்ளேயுமா என்று தீர்மானிக்கும் வேலையை விற்றவரிடமே விட்டுவிடுங்கள்.

இரண்டு துண்டு பிளாங்க் என்றால் ஃபெரூலின் (துண்டுகள் இணையும் இடம்) உள்நுழையும் பகுதியில் பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே பூச்சு ஏறியிருந்தால் துண்டுகள் ஆழமாகச் செருகாமல் பாதியில் நின்று, வெயிலில் ஒட்டிக்கொள்ளும். அதைப் பலவந்தமாகத் திருகினால் பெண் பகுதியின் வாய் பிளக்கும். 1000 எண் உப்புத்தாளால் பூச்சை மட்டும் நீக்கி, பாரஃபின் மெழுகு லேசாகத் தேய்த்தால் சரியாகிவிடும்.

டிப் டாப்பை ஹாட் மெல்ட் பசையில் வைக்கும்போது சூட்டைக் குழாய்க்கும் பசைக் குச்சிக்கும் காட்டுங்கள், கோலுக்கு வேண்டாம். பிளாங்க்கையே 120 முதல் 150 டிகிரி செல்சியஸ் அளவில்தான் வேகவைக்கிறார்கள்; லைட்டர் சுடர் அதைப் பல மடங்கு தாண்டும். பளபளப்புப் பூச்சு முதலில் கொப்புளிக்கும். வெற்றுக் கோலில் கொப்புளம்கூட வராது, ரெசின் கெட்டது நுனி முறியும்போதுதான் தெரியும்.

தேர்வு என்று கேட்டால்: லைட், அல்ட்ராலைட் ராடுக்குத் தேய்த்து விட்ட வெற்று மேட், நூல் வேலை கைவந்தவராக இருந்தால் தேய்க்காதது. படகு, கடற்கரை, உப்புத் தண்ணீர் எல்லாவற்றுக்கும் வளையத்தில் இழுத்துப் பூசிய பளபளப்பு. பூசிய மேட் அழகுக்காக மட்டும், ஓரங்களில் பொறுமை இருப்பவருக்கு.

வெற்றுக் கோலை வாங்கிவிட்டுப் பிறகு பாதுகாப்பு வேண்டுமென்று தோன்றினால், நூலுக்குப் போடும் எபாக்ஸியைக் கோல் முழுக்கப் பூசாதீர்கள். மேலே போட்ட கணக்கை விடப் பல மடங்கு தடிமன் ஏறும். காற்றின் ஈரத்தில் உறையும் ஒற்றைக்கூறு யூரித்தேனைப் பஞ்சுத் துண்டில் தொட்டு, அடியிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பில் பூசுங்கள், திரும்பத் தொடாதீர்கள். நுனியின் கடைசி 30 செ.மீ.க்குப் புதிதாகத் தொடாமல் பஞ்சில் மிஞ்சியதே போதும். கைடெல்லாம் கட்டும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும்; கைடு காலைச் சுற்றிப் பஞ்சு வளையும்போது கலவை தேங்கி நிற்கும்.